நஞ்சும் வீக்கமும்: பினாங்கு கற்பித்த பாடம்

பினாங்குத் தீவுக்கு வருவோர் தவறாது கண்டு செல்லும் இடங்களுள் ஒன்று, பாயான் லெப்பாஸ் செல்லும் வழியில் சுங்கை குளுவாங்கில் உள்ள பாம்புக் கோயிலாகும். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த அச்சீனக் கோயிலில், பச்சையும் மஞ்சளும் கலந்த குழிவிரியன்கள் கிளைகளில் அசையாது சுருண்டு கிடக்கின்றன. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது தமிழர் வழக்கு. ஆனால் அக்கோயிலில் மக்கள் பாம்பின் அருகே நின்று ஊதுவத்தி ஏற்றி வணங்குகின்றனர். பாம்பை வணங்கும் அதே தீவில்தான், பாம்பின் நஞ்சை அளந்தும் ஆராய்ந்தும் மருத்துவ உலகுக்கு ஓர் அரிய பாடம் கற்பிக்கப்பட்டது என்பதைப் பலர் அறியார். அப்பாடம் பாம்பைப் பற்றியது மட்டுமன்று. மனித உடலுக்குள்ளேயே உறங்கிக் கிடக்கும் சில பொருள்களைப் பற்றியதுமாகும்.

பாம்பு கடித்த கால் வீங்குகிறது. குளவி கொட்டிய கை தடிக்கிறது. ஒவ்வாத உணவை உண்டவர் உடலெங்கும் அரிப்பும் தடிப்பும் காண்கிறார். காரணங்கள் வெவ்வேறாயினும் விளைவுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பது ஏன்? வெளியிலிருந்து வரும் பொருள் எதுவாயினும், அதற்கு மறுமொழி கூறுவது உடலே என்பதுதான் விடை. அம்மறுமொழியைத் தாங்கிச் செல்லும் பொருள்கள் உடலில் உண்டு. கணையம், தைராய்டு போன்ற சுரப்பிகளின் இயக்குநீர்கள் குருதியில் கலந்து தொலைவிலுள்ள உறுப்புகளை ஏவுகின்றன. இவையோ தோன்றிய இடத்திலேயே தொழிற்பட்டு, விரைவில் அழிந்துபோகின்றன. ஆதலின் இவற்றை ஓரிட இயக்குநீர்கள் எனலாம். அவற்றுள் முதன்மையானது ஹிஸ்டமின்.

ஹிஸ்டமின் 1907-இல் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்டது. அப்போது அதன் பயன் யாருக்கும் தெரியாது. 1910-இல் இலண்டனில் ஹென்றி டேல், லெயிட்லா என்னும் இருவர் அதனை விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். குருதியழுத்தம் சரிந்தது, மூச்சுக்குழல் சுருங்கியது. இக்காட்சி அவர்களுக்கு முன்பே அறிமுகமான ஒன்றை நினைவூட்டியது. பிரெஞ்சு அறிஞர்களான ரிஷே, போர்த்தியே ஆகியோர் 1902-இல் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு செலுத்தி, சில வாரங்கள் கழித்து மீண்டும் செலுத்தியபோது, முன்னர் தாங்கிய நாயே சிறிது நேரத்தில் மாண்டது. காப்பு வளரும் என்று எதிர்பார்த்த இடத்தில் கேடு வளர்ந்திருந்தது. 1906-இல் வியன்னா மருத்துவர் பிர்க்கே, உடலின் இத்தகைய மாறிய இயல்பைக் குறிக்க 'அலர்ஜி' என்னும் சொல்லை ஆக்கினார். நோய் தீர்க்கக் கொடுத்த குதிரைச் சீரமே சிலருக்கு நோயாக மாறுவதைக் கண்டதே அச்சொல்லுக்கு வித்தாயிற்று.

ஆயினும் ஹிஸ்டமின் உடலில் இயல்பாகவே உள்ளதா என்னும் ஐயம் நெடுநாள் தீரவில்லை. புத்தம்புதிய நுரையீரலிலும் கல்லீரலிலும் அது உண்டென்பதை டேலும் அவர்தம் துணைவரும் 1927-இல் நிறுவினர். அதே ஆண்டில் தாமஸ் லூயிஸ் என்பவர், தோலைக் கீறினால் முதலில் சிவந்த கோடும், பின்னர்ச் சுற்றிலும் படரும் சிவப்பும், இறுதியில் தடிப்பும் தோன்றுவதை விளக்கி, தோலிலிருந்தே ஹிஸ்டமினை ஒத்த ஒரு பொருள் வெளிப்படுகிறது என்றார். அது மாஸ்ட் உயிரணுக்களில் மணிமணியாகச் சேமிக்கப்பட்டுள்ளது என்பது 1953-இல் தெளிவாயிற்று. அம்மணிகள் வெடித்துச் சிதறும்போது சிறு குருதிக்குழல்கள் விரிகின்றன. அவற்றின் சுவர் இடைவெளி காட்ட, குருதிநீர் கசிந்து திசுவில் தேங்குகிறது. அதுவே வீக்கம்.

இவ்வாராய்ச்சியில் பாம்பின் நஞ்சு மீண்டும் மீண்டும் ஆசானாக வந்து நிற்பதைக் காணலாம். யூதர் என்ற காரணத்தால் 1933-இல் செருமனியில் பதவி இழந்த ஃபெல்ட்பெர்க், டேலின் ஆய்வகத்தில் அடைக்கலம் பெற்று, பின்னர் மெல்பர்ன் நகருக்குச் சென்றார். அங்குக் கெல்லவேயுடன் சேர்ந்து, 1938-இல் நல்லபாம்பின் நஞ்சை விலங்கின் நுரையீரல் வழியே செலுத்தினார். ஹிஸ்டமின் வெளிவந்தது, அதனோடு, தசையை மெல்ல மெல்லச் சுருக்கி நெடுநேரம் விடாதிருக்கும் மற்றொரு பொருளும் வெளிவந்தது. ஆஸ்துமா நோயாளியின் மூச்சை நெரிப்பதும் இவ்வகைப் பொருளே. அதன் வேதியமைப்பு 1979-இல்தான் வெளியாயிற்று. லூக்கோடிரையீன் என்பது அதன் இன்றைய பெயர்.

1949-இல் பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரில் ரோச்சா இ சில்வாவும் அவர்தம் துணைவர் இருவரும், அந்நாட்டுக் குழிவிரியனாகிய ஜராராக்காவின் நஞ்சைக் குருதிநீரோடு கலந்தபோது, அக்குருதியிலிருந்தே புதியதொரு பொருள் பிறப்பதைக் கண்டனர். அதற்குப் பிராடிகைனின் என்று பெயரிட்டனர். 'மெல்ல இயக்குவது' என்பது அதன் கிரேக்கப் பொருள். குருதிக்குழலை விரிப்பதும் நோவைத் தூண்டுவதும் அதன் தொழில். அது நஞ்சில் இருந்த பொருளன்று. நஞ்சிலுள்ள நொதி, கடிபட்டவரின் குருதியிலுள்ள புரதத்தை வெட்டி எடுத்த துண்டு. பகைவன் கோட்டைக்குள் புகுந்து, கோட்டையின் படைக்கலங்களையே எடுத்து வீசுவது போன்றது இது.

இவ்வறிவு உலகின் ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், பினாங்குப் பொது மருத்துவமனையின் படுக்கைகளில் அதன் மெய்ம்மை சோதிக்கப்பட்டது. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் அங்குப் பணியாற்றிய பிரித்தானிய மருத்துவர் அலிஸ்டர் ரீட், இருவகைப் பாம்புக் கடிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார். ஒன்று கடற்பாம்பின் கடி. மற்றொன்று மலாயா குழிவிரியனின் கடி.

கடற்பாம்பு, வலையைக் கையாளும் மீனவரையும் சேற்றுக் கரையோரம் நீரில் நடப்பவரையும் கடித்தது. அவற்றுள் கொடியது, தமிழகக் கடற்கரையில் வலக்கடியன் என வழங்கும் இனம். அதன் கடிவாயில் வீக்கமும் இல்லை, நோவும் பெரிதில்லை. ஆனால் சில நாழிகையில் உடல்தசைகள் விறைத்து வலிக்கும், தாடை இறுகும், தசை அழிவதால் சிறுநீர் கருஞ்சிவப்பாகும், சிறுநீரகம் செயலற்றுப்போவதும் உண்டு. குழிவிரியனின் வரலாறு இதற்கு நேர்மாறானது. மலாய் மொழியில் உலார் காப்பாக் போடோ எனப்படும் அது, மலேசியாவின் வடபகுதி ரப்பர்த் தோட்டங்களில் சருகின் நிறத்தோடு நிறமாய் அசையாமல் கிடக்கும். விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்வோர் அதனை அறியாது மிதிப்பர். கடித்த கால் சில மணி நேரத்தில் வீங்கும், கொப்புளங்கள் எழும், சிலருக்குத் தசை அழுகும், குருதி உறையும் தன்மையை இழக்கும்.

ஆகவே வீக்கத்தைக் கொண்டு மட்டும் நஞ்சின் கொடுமையை அளக்கலாகாது என்பது பினாங்கு கற்பித்த முதற்பாடம். வீங்காத கால் உயிரைப் பறிக்கலாம். வீங்கிய காலோடு வந்தவர் நலமுடன் திரும்பலாம். கடிபட்டவர் அனைவரும் நஞ்சேறியவர் அல்லர் என்பதையும் ரீட் வலியுறுத்தினார். பாம்பு கடித்தும் நஞ்சு சிறிதும் இறங்காதவர் பலர். அத்தகையோர் பிழைத்ததைக் கண்டு, கொடுத்த மருந்தெல்லாம் கைகண்ட மருந்து எனக் கொண்டாடப்பட்டதும் உண்டு. மந்திரமும் பச்சிலையும் மட்டுமல்ல, மேனாட்டு மருந்துகளும் இவ்வகையில் பொய்ப்புகழ் பெற்றன.

அப்பொய்ப்புகழைச் சோதிக்க ஒரே வழி, ஒத்த நோயாளிகளைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்ப்பதே. அழற்சியை அடக்குவதில் புகழ்பெற்ற ஸ்டீராய்டு மருந்துகள் அந்நாளில் புதியன. விரியன் கடியில் தோன்றுவது அழற்சி. ஸ்டீராய்டு அழற்சியை அடக்குவது. ஆதலின் விரியன் கடிக்கு ஸ்டீராய்டு நன்று என்னும் வாதம் கேட்பதற்கு இனிமையாகவே இருந்தது. ரீடும் அவர்தம் துணைவரும் பினாங்கில் நடத்திய ஒப்பீட்டு ஆய்வு 1963-இல் வெளியாயிற்று. பிரட்னிசோன் என்னும் ஸ்டீராய்டால் பயனில்லை என்று அது காட்டியது. குழிவிரியனுக்கென்றே ஆக்கப்பட்ட நஞ்சுமுறி மருந்து, குருதியின் உறையும் தன்மையை மீட்டது. ஆனால் கடித்த இடத்தின் வீக்கத்தையும் அழிவையும் அதுவும் மாற்றவில்லை. நஞ்சு தைத்த இடத்தில் திசுவை நேரே அரித்துவிட்ட பின்னர், மறுமொழியை அடக்குவதால் ஆவது சிறிதே.

அவ்வாராய்ச்சியின் வேறு பயன்களும் குறிப்பிடத்தக்கன. ரீடின் முயற்சியால் பினாங்கில் பாம்பு நஞ்சு ஆய்வு நிலையம் தோன்றியது. பினாங்குக் கடலில் பிடித்த பாம்புகளின் நஞ்சைக் கொண்டு மெல்பர்னில் கடற்பாம்பு நஞ்சுமுறி ஆக்கப்பட்டது. அது பினாங்கு நோயாளிகளிடம் நற்பயன் அளித்த செய்தி 1962-இல் வெளிவந்தது. குழிவிரியன் கடித்தவரின் குருதி பல நாள் உறையாதிருந்தும் பெரும் குருதிப்போக்கு நேராததைக் கண்டு, அந்நஞ்சிலிருந்தே குருதிக்கட்டியைத் தடுக்கும் ஆன்குரோடு என்னும் மருந்தும் எடுக்கப்பட்டது. ஜராராக்காவின் நஞ்சும் இவ்வாறே, 1965-இல் ஃபெரைரா செய்த ஆய்வின் வழியாக, உயர் குருதியழுத்தத்துக்கான காப்டோபிரில் மருந்துக்கு வழிகாட்டிற்று.

நஞ்சுமுறியின் வரலாற்றில் இன்னும் ஓர் இடர் உண்டு. அது பெரும்பாலும் குதிரையின் குருதிநீரிலிருந்து ஆக்கப்படுவது. அயற்புரதத்தைக் கண்ட உடல், சிலவேளை நஞ்சைக் கண்டதினும் கடுமையாகச் சீறுகிறது. அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல், குருதியழுத்தச் சரிவு என அடுத்தடுத்து நேர்கின்றன. உயிர் காக்க வந்த மருந்தே உயிருக்கு இடராகும் வேளை அது. ரிஷேயின் நாய்க்கு நேர்ந்த அதே நிலை, முன்னர் அச்சீரத்தை ஒருபோதும் ஏற்காத மனிதர்க்கும் முதல் ஊசியிலேயே நேரக்கூடும்.

இங்கும் ஓர் இனிய வாதம் எழுந்தது. இக்கேட்டைச் செய்வது ஹிஸ்டமின். ஹிஸ்டமினை மறிக்கும் மருந்துகளைப் போவே 1937 முதற்கொண்டே கண்டு தந்துள்ளார். அதனை முன்கூட்டியே கொடுத்தால் போதுமே என்பது அவ்வாதம். ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைகள் பலவற்றில் அவ்வாறே செய்துவந்தனர். அதனை முறையாகச் சோதித்தது இலங்கை. அங்கு 1007 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. ஹிஸ்டமின் மறிப்பியான புரோமெத்தசினும், ஸ்டீராய்டான ஹைட்ரோகார்டிசோனும் கடும் விளைவுகளைக் குறைக்கவில்லை. சிறிதளவு அட்ரினலினை முன்னதாகத் தோலடியில் செலுத்தியபோது, முதல் ஒரு மணி நேரத்தில் கடும் விளைவுகள் 43 விழுக்காடு குறைந்தன.

இதன் காரணம் மேலே கூறிய வரலாற்றிலேயே அடங்கியுள்ளது. உடல் ஏவும் படை ஹிஸ்டமின் ஒன்றன்று. லூக்கோடிரையீன், புரோஸ்டகிளாண்டின், பிராடிகைனின் எனப் பல அணிகள் அதில் உண்டு. ஓரணியை மறித்தால் ஏனையவை முன்னேறும். அட்ரினலினோ எந்த ஓரணியையும் தேடிச் செல்வதில்லை. விரிந்த குருதிக்குழலைச் சுருக்கி, சுருங்கிய மூச்சுக்குழலை விரித்து, மாஸ்ட் உயிரணுக்களின் சிதறலையும் தணித்து, போர்க்களத்தையே மாற்றிவிடுகிறது. தோலின் அரிப்புக்கு ஹிஸ்டமின் மறிப்பி நல்ல மருந்தே. ஆனால் மூச்சு முட்டும்போது முதலில் வேண்டுவது அட்ரினலின்.

இவ்வரலாற்றை மாணாக்கர் அறிவது தேர்வுக்காக மட்டுமன்று. பாம்பு கடித்தவரின் கடிவாயைக் கீறுவதும், இறுகக் கட்டுவதும், வீக்கம் இல்லையென்று வீட்டிலேயே காத்திருப்பதும் இன்றும் நடப்பன. கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, விரைந்து மருத்துவமனை சேர்ப்பதே செயற்பாலது. நஞ்சுமுறி இருக்குமிடத்தில் அட்ரினலினும் அருகிருக்க வேண்டும் என்பது மருத்துவர் அறிந்த நெறி.

அறிவியலில் அழகிய விளக்கம் ஒன்று. மெய்ப்பிக்கப்பட்ட பயன் மற்றொன்று. முன்னது ஆய்வகத்தில் பிறக்கிறது. பின்னது நோயாளியின் படுக்கையருகே சோதிக்கப்பட்ட பின்னரே உறுதியாகிறது. விளக்கம் எவ்வளவு பொருத்தமாகத் தோன்றினும் சோதித்தன்றி ஏற்பதில்லை என்னும் துணிவை, 1963-இல் பினாங்கும் 2011-இல் இலங்கையும் காட்டின. பெரிய தலைநகரங்களின் ஆய்வகங்களில் அன்றி, ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளியும் கடலோர மீனவரும் உழவரும் படுத்திருந்த மருத்துவமனைகளில் இப்பாடம் எழுதப்பட்டது என்பது, இத்தீவில் கற்கும் ஒவ்வொரு மாணாக்கரும் மறவாது போற்றத் தக்கதாகும்.