விதையிலிருந்த விசை

1952-ஆம் ஆண்டு, அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் நிலையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் ஈரமான லெட்டூஸ் கீரை விதைகள்மீது சிவப்பொளியைப் பாய்ச்சினர். விதைகள் மளமளவென முளைத்தன. அடுத்து, கண்ணுக்கு மங்கலாகவே தெரியும் தொலைச்சிவப்பொளியைக் காட்டியபோது பெரும்பாலானவை முளைக்கவில்லை. மாற்றி மாற்றி எத்தனை முறை காட்டினாலும், கடைசியில் விழுந்த ஒளியே முடிவு செய்தது! விதைக்குள் இருந்த அந்த விசை ஃபைட்டோகுரோம் என்னும் புரதம், 1959-இல் பிடிபட்டது.

செடியின் புரதத்துக்கு விலங்கு உயிரணுவில் என்ன வேலை என்று கேட்பீர்கள். உயிரணு எப்பக்கம் நகர்வது என்பதை அதன் புரதங்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் சைகைகளே தீர்மானிக்கின்றன. அவற்றை மருந்தால் தூண்டினால் மருந்து உயிரணு முழுவதும் பரவிவிடும்; திரும்ப எடுப்பதும் எளிதன்று. ஒளியையோ வேண்டிய மூலையில் மட்டும் பாய்ச்சலாம், நினைத்தவுடன் நிறுத்தலாம்.

2009-இல் சான் பிரான்சிஸ்கோவில் லெவ்ஸ்கயா, வெய்னர், லிம், வாய்ட் ஆகியோர் ஃபைட்டோகுரோமைச் சுண்டெலி உயிரணுவின் சவ்வில் பொருத்தினர். அதனுடன் சேரும் துணைப் புரதத்தை ஒரு சைகைப் புரதத்தோடு இணைத்தனர். ஒளியை உறிஞ்சும் நிறமி விலங்குகளிடம் இல்லையே! அதைச் சுருள்பாசியிலிருந்து எடுத்து ஊட்டினர். சிவப்பொளி பட்ட பக்கத்தில் இரு புரதங்களும் நொடிகளில் ஒட்டிக்கொண்டன. உயிரணு அப்பக்கமாகவே தன் விளிம்பை நீட்டியது. தொலைச்சிவப்பொளி, விதையில் செய்தது போலவே, பிடியைத் தளர்த்தியது.