ஈ, தா, கொடு

ஆங்கிலத்தில் நடப்பதற்கு 'வாக்' என்ற ஒரு சொல் மட்டும் இல்லை. அவசரமில்லாமல் நடந்தால் ஸ்ட்ரோல், காலை நொண்டினால் லிம்ப், தள்ளாடினால் ஸ்டேகர். எப்படி நடந்தான் என்ற வர்ணனை வினைச்சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. தமிழில் பெரும்பாலும் 'மெதுவாக நடந்தான்', 'விறுவிறுவென்று போனான்' என்று இன்னொரு சொல்லைத் துணைக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

இதை வைத்துத் தமிழ் வினைகள் வறண்டவை என்று முடிவு கட்டினால் அது தப்புக்கணக்கு! தமிழ் வினைக்குள் ஒளிந்திருப்பது வேறு சரக்கு. யார் கேட்கிறார், யாரிடம் கேட்கிறார், பொருள் எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் சில வினைகளுக்குள்ளேயே இருந்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயலான எச்சவியலில் இதற்கு விதியே இருக்கிறது. ஒரு பொருளைக் கேட்பதற்கு மூன்று சொற்கள். கொடுப்பவரைவிடத் தாழ்ந்தவர் கேட்டால் 'ஈ'. சமமானவர் கேட்டால் 'தா'. உயர்ந்தவர் கேட்டால் 'கொடு'. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே 'கிவ்' தான். பணிவைக் காட்ட 'ப்ளீஸ்' போட வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ளத் திருத்தணிக்குப் பக்கத்தில் இருக்கும் திருவாலங்காட்டோடு சேர்ந்த கதை ஒன்று உதவும். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து கயிலை போய், பிறகு இறைவனின் காலடியில் பாடிக்கொண்டு இருந்த ஊர் இதுதான் என்கிறது 12-ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம். அவர் பிறந்ததும் வணிகர் வீடு, வாழ்க்கைப்பட்டதும் வணிகர் வீடு. கதை முழுக்கக் கொடுக்கல் வாங்கல்!

கணவன் பரமதத்தன் வீட்டுக்கு இரண்டு மாம்பழம் அனுப்புகிறான். பசியோடு வந்த அடியார் ஒருவருக்கு அம்மையார் ஒன்றைப் படைத்துவிடுகிறார். மதியம் சாப்பிட வந்த கணவன் மிச்சமிருந்ததைத் தின்றுவிட்டு இன்னொன்றும் கேட்கிறான். அவர் உள்ளே போய் இறைவனை நினைக்க, கையில் ஒரு பழம் வருகிறது. தொல்காப்பிய விதியை இங்கே பொருத்திப் பாருங்கள் (சேக்கிழார் எந்த வினையைப் போட்டார் என்பது வேறு விஷயம்). அடியார் வாய்விட்டுக் கேட்டிருந்தால் 'ஈ'. அன்றைய கணவன் மனைவியிடம் கேட்டால் 'கொடு'. மனைவி இறைவனிடம் கேட்டால் மறுபடி 'ஈ'. அந்தஸ்தைச் சொல்லத் தனியாக ஒரு சொல்லும் தேவையில்லை.

கதையின் பின்பாதியில் எல்லாம் தலைகீழாகிறது. மனைவி தெய்வம் என்று பயந்த பரமதத்தன் கப்பலேறிப் போய், பாண்டிநாட்டில் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். அம்மையார் தேடி வரும்போது காலில் விழுகிறான். இனி அவன் அவரிடம் எதையாவது கேட்பதென்றால் 'கொடு' என்று கேட்க முடியுமா? 'ஈ' தான் மிச்சம்.

ஒரு சந்தேகம் வரலாம். உயர்ந்தவனுக்கு ஏன் 'கொடு'? இதற்கான பதில்தான் மிக ருசியானது. தொல்காப்பியத்தின்படி தா என்பது என்னிடமோ உன்னிடமோ வருவதற்கு. கொடு என்பது மூன்றாவது ஆளுக்குப் போவதற்கு. 'எனக்குத் தா, அவனுக்குக் கொடு' என்பதுதான் கணக்கு. அப்படியானால் உயர்ந்தவன் தனக்கே கேட்கும்போது 'கொடு' என்பது விதிமீறல் அல்லவா? அதற்கும் தொல்காப்பியம் சமாதானம் சொல்கிறது. அவன் தன்னையே வேறொரு ஆள் போல வைத்துப் பேசுகிறானாம்! கை நீட்டுவது தான்தான் என்று காட்டிக்கொள்ளாமல் வாங்கிக்கொள்கிற தோரணை. பெரிய மனிதர்களின் மனதை இவ்வளவு சின்ன வினைச்சொல்லில் பிடித்துவிட்டார்கள்.

திசைக் கணக்கு பிற்காலத்திலும் தெரிகிறது. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டில் தான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, மனைவிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றுக்கும் ஒரே வினைதான் வருகிறது. அதுவும் இன்றைய பேச்சு வழக்கு போலவே 'குடு' என்று. வாங்கிக்கொள்பவர் கோயிலில் இருக்கும் இறைவன், அதாவது படர்க்கை. அவன் மகன் ராஜேந்திரன் தன் 6-ஆம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு விட்டதைச் சொல்லும் செப்பேடுகள் 1905-இல் கிடைத்தன. இப்படிப்பட்ட தானங்களை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர்கள் 'கிரான்ட்' என்று எழுதுகிறார்கள். மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு வழங்குவது என்ற வாடை அந்த ஆங்கில வினையில் உண்டு. வாங்குபவர் தெய்வமாக இருக்கும்போது அது பொருந்துகிறதா என்பது யோசிக்க வேண்டியது.

இன்று தமிழ்நாட்டுப் பேச்சில் 'குடு' மற்ற இரண்டின் இடத்தையும் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. இலங்கைத் தமிழில் 'தா' நன்றாகவே வாழ்கிறது. மலையாளம் திசைக் கணக்கை அப்படியே காப்பாற்றுகிறது. எனக்கென்றால் தருக, அவனுக்கென்றால் கொடுக்குக. 'ஈ' தமிழில் வினையாக ஒடுங்கி, 'ஈகை' என்ற பெயராகத் திருக்குறள் அதிகாரத்திலும் ஈகைத் திருநாளிலும் நிற்கிறது. இரப்பவன் சொல் கொடுப்பவனின் பெருமையாகிவிட்டது, பாருங்கள்.

ஆனால் 'ஈ'யின் உடன்பிறப்பு ஒன்று எல்லைக்கு அந்தப் பக்கம் ஜோராக இருக்கிறது. தெலுங்கில் கொடுப்பதற்குச் சாதாரணச் சொல் 'இவ்வு'. அதே பழைய வேர்தான். அங்கே அதில் தாழ்வும் இல்லை, பணிவும் இல்லை, முதலாளியும் சொல்வார், வேலைக்காரரும் சொல்வார். 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த திருத்தணிப் பகுதியில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. குடுவும் இவ்வும் ஒரே கடைத்தெருவில் புழங்குகின்றன.