உள்ளத் தூய்மை: ஒரு சொல்லின் பயணம்

தூய உள்ளம் படைத்தோர் கடவுளைக் காண்பர் என்பது இயேசுபிரான் மலைப்பொழிவில் அருளிய பேறுகளுள் ஒன்று. கேட்ட மாத்திரத்தில் விளங்கிவிட்டது போலத் தோன்றும் வாக்கு அது. ஆயின், அந்தத் தூய்மை யாது என்று வினவப் புகுந்தால் தெளிவு கலைந்துவிடுகிறது. தீய எண்ணம் எழாமையா? உணர்ச்சிகள் அடியோடு அற்றுப்போன நிலையா? நோன்பும் இராவிழிப்பும் குறைவின்றிக் காத்தலா? இவ்வினா நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் எகிப்தியப் பாலைவனத்தில் எழுந்து பிரெஞ்சு நாட்டுக் கடற்கரை வரை சென்றது. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு அந்தப் பயணத்தில் தனிச் சுவை உண்டு. வீட்டில் ஒரு மொழியும் வெளியில் வேறு மொழியுமாக வாழும் வெளிமாநிலத் தமிழர்களாகிய நேயர்களுக்கும் அது இருக்கக்கூடும்.

இயேசுவின் வாக்கு புதிதாக முளைத்ததன்று. ஆண்டவரின் மலைமீது ஏறத் தகுதியுடையவன் யார் என்று வினவும் 24-ஆம் சங்கீதம், மாசற்ற கைகளையும் தூய உள்ளத்தையும் சேர்த்தே விடையாகச் சொல்கிறது. எபிரேய மொழியில் நெஞ்சைக் குறிக்கும் சொல் உணர்ச்சியின் இருப்பிடத்தை மட்டும் சுட்டுவதன்று. எண்ணுவதும் தீர்மானிப்பதும் அங்கேயே நிகழ்வன. நம் பழைய தமிழ் விவிலியம் 'இருதயம்' என்ற சொல்லை ஆண்டது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியமோ 'உள்ளம்' என்கிறது. உள்ளுதல் என்றால் நினைத்தல் அன்றோ? எபிரேயக் கருத்துக்கு இச்சொல்லே அணுக்கமானது என்பது என் எண்ணம்.

இனி எகிப்துக்குச் செல்வோம். இன்றைய துருக்கியின் வடபகுதியிலுள்ள பொந்துஸ் நாட்டில் ஏறத்தாழ கி.பி. 345-இல் பிறந்தவர் எவாக்ரியுஸ். கான்ஸ்டாண்டிநோபிளில் திருத்தொண்டராய், சொல்வன்மையால் பெரும்புகழ் பெற்றவர். மணமான ஒரு பெருமாட்டியின்பால் மனம் சென்றதை அஞ்சி அவர் தலைநகரை விட்டு நீங்கினார் என்று அவருடைய மாணவர் பல்லாதியுஸ் எழுதி வைத்திருக்கிறார். எருசலேமில் சில காலம் தங்கியபின், 383-ஐ ஒட்டி எகிப்தை அடைந்து, முதலில் நீத்ரியாவிலும் பிறகு கெல்லியா என்னும் தனிக்குடில்களிலும் துறவியாக வாழ்ந்தார். நூல்களைப் படியெடுத்துக் கொடுத்து, அதில் வந்த கூலியில் எளிய உணவு உண்டு காலம் கழித்தார்.

அந்தத் தனிமையில் அவர் ஆராய்ந்தது தம் மனத்தையே. பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், சோர்வு, வீண்பெருமை, அகந்தை என எட்டு எண்ணங்கள் துறவியைத் தாக்குவதாக அவர் கண்டார். இவை வருவதும் வாராமையும் நம் கையில் இல்லை. வந்தவை தங்குவதும் தங்காமையுமே நம் கையில் உள்ளன என்பது அவருடைய தெளிவு. இவற்றோடு போராடிப் பெறும் அமைதிக்கு அவர் இட்ட பெயர் 'அபாத்தேயா'. விகாரமின்மை என்று தமிழில் சொல்லலாம். அந்த அமைதியை அவர் முடிவாகக் கொள்ளவில்லை என்பதை இங்கே மறவாதிருத்தல் வேண்டும். அபாத்தேயா ஈன்றெடுக்கும் குழந்தையே அன்பு என்றார் அவர்.

ஆனால் அச்சொல் அவர் ஆக்கியதன்று. ஸ்தோயிக்கத் தத்துவிகளிடமிருந்து வந்த பழஞ்சொல். அதன் மேல் ஒரு குளிர்ச்சி படிந்திருந்தது. லத்தீன் விவிலியத்தை அளித்த புலவர் ஜெரோம், ஏறத்தாழ 415-இல் எழுதிய ஒரு மடலில் எவாக்ரியுஸைக் கடுமையாகச் சாடினார். எந்த எண்ணத்தாலும் அசையாத மனம் உடையவன் ஒன்று கல்லாயிருக்க வேண்டும், அல்லது கடவுளாயிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். எவாக்ரியுஸ் சொன்னதை முழுதும் பாராமல் எழுந்த வாதம் என்றே எனக்குப் படுகிறது. ஜெரோமின் எழுதுகோலுக்குப் பொறுமை குறைவு. எனினும் மேற்றிசையில் அச்சொல் பழுதுபட்டுவிட்டது.

இந்நிலையில்தான் யோவான் காசியன் வருகிறார். இளமையில் எகிப்துக்குச் சென்று துறவிகளிடம் பல்லாண்டு பயின்றவர். எவாக்ரியுஸ் 399-இல் மறைந்தார். அதை ஒட்டி, அலெக்ஸாந்திரியாவின் ஆயர் தெயோபிலுஸ் அச்சிந்தனை மரபைச் சேர்ந்த துறவிகளைப் பாலைவனத்திலிருந்து விரட்டினார். காசியனும் எகிப்தை நீங்கிக் கான்ஸ்டாண்டிநோபிள், ரோமாபுரி வழியாக, 415 அளவில் இன்றைய பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தை அடைந்தார். அங்கே மடங்கள் நிறுவி, தாம் கேட்டவற்றை லத்தீனில் எழுதத் தொடங்கினார். 24 உரையாடல்கள் அடங்கிய 'கொல்லாத்தியோனெஸ்' என்னும் நூல் அவ்வாறு பிறந்தது.

அபாத்தேயாவை அவர் எவ்வாறு மொழிபெயர்த்தார்? நேருக்கு நேர் பெயர்க்கவே இல்லை. அச்சொல்லை அகற்றிவிட்டு, அது நின்ற இடத்தில் மலைப்பொழிவின் சொல்லை வைத்தார்: 'புரித்தாஸ் கோர்திஸ்', அதாவது உள்ளத் தூய்மை. எவாக்ரியுஸின் பெயரை ஓரிடத்திலும் அவர் குறிப்பிடவில்லை. இதை அச்சம் எனலாம், சூழ்ச்சி எனலாம். நான் திறமை என்பேன். தத்துவ நூலின் சொல்லுக்கு ஈடாகத் தத்துவச் சொல் தேடாமல், கேட்போர் முன்பே நேசித்த சொல்லைத் தேர்ந்தார். அந்தக் கைம்மாற்றத்தில் இழப்பும் உண்டு. ஆசிரியரின் பெயர் இழப்புக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

நூலின் முதல் உரையாடலில் மோசே என்னும் முதிய துறவி பேசுகிறார். உழவனின் முடிவான நோக்கம் நல்விளைச்சல். ஆனால் அவன் கண் அன்றாடம் பதிந்திருப்பது நிலத்தில் முள்ளும் களையும் இல்லாதிருப்பதில். அதுபோலத் துறவியின் முடிவு கடவுளின் அரசு. அன்றாட இலக்கு உள்ளத் தூய்மை. நோன்பு, விழிப்பு, வேதம் ஓதுதல் யாவும் அதற்குரிய கருவிகளேயன்றி வேறல்ல. கருவியைக் காப்பதற்காகச் சினங்கொள்பவன், நோன்பினால் ஈட்டியதைவிட மிகுதியாக இழக்கிறான் என்கிறார் மோசே.

அதற்கு அவர் காட்டும் சான்று கூர்மையானது. பொன்னையும் வெள்ளியையும் பரந்த நிலங்களையும் துறந்து வந்தவர்கள், பின்பு ஒரு சிறு கத்திக்காக, ஓர் ஊசிக்காக, ஓர் எழுதுகோலுக்காகக் கொதித்தெழுகிறார்களாம். ஒரு நூலைப் பிறர் தொடவும் விடாமல் இறுகப் பற்றிக்கொள்கிறார்களாம்! அலுவலகத்தில் பேனாவும் அகராதியும் இரவல் கொடுத்து வாங்கும் நம்மவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. உள்ளம் தூயதா என்பதை அளக்க மோசே பெருந்தியாகத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த எழுதுகோலை எடுத்துக்கொண்டார். தூய்மை என்பது கறையின்மை மட்டுமாக இருந்தால், ஒருவன் பிறரை விட்டு ஒதுங்கியே அதைக் காத்துக்கொள்ளலாம். மோசேயோ கொரிந்தியருக்குப் பவுலடிகள் எழுதிய அன்பின் இலக்கணத்தைக் காட்டி, பொறாமை கொள்ளாமையும் செருக்குறாமையும் தன்னலம் தேடாமையுமே உள்ளத் தூய்மை என்கிறார். அபாத்தேயாவின் குழந்தையென எவாக்ரியுஸ் கண்ட அன்பு இங்கே தாயோடு ஒன்றாகிவிட்டது.

பின்னாளில் திருச்சபையின் கண்டனத்துக்கு உள்ளான எவாக்ரியுஸின் கிரேக்க நூல்கள் பல அழிந்தன. சிரியாக், ஆர்மீனிய மொழிபெயர்ப்புகளில் சில பிழைத்தன. வேண்டுதலைப் பற்றிய அவருடைய நூல் நீலுஸ் என்ற வேறொருவர் பெயரில் உலவியது. காசியனின் நூலுக்கு அந்த இடர் நேரவில்லை. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனதிக்து தம் மடத்து ஒழுங்குமுறையில், மாலையில் துறவியர் கூடியமர்ந்து அதை வாசிக்கப் பணித்தார். அவ்வாசிப்பை ஒட்டி நோன்பு நாளில் உண்ட சிற்றுணவுக்கும் நூலின் பெயரே ஒட்டிக்கொண்டது. இத்தாலியர் காலையுணவைக் 'கொலாட்சியோனே' என்பது அங்கிருந்து வந்ததே என்பர் சொல்லாராய்ச்சியாளர்.