இழுவையில் திணறும் டர்போ வாகனம்: காசைக் கொடுக்க முன் பார்க்க வேண்டியவை

சாதாரண ஓட்டத்தில் ஒரு குறையும் காட்டாத வாகனம், முந்துவதற்கோ ஆட்களை ஏற்றிக்கொண்டு மேடு ஏறுவதற்கோ அக்சிலேட்டரை அழுத்தியதும் குலுங்கித் திணறுகிறது. காலை எடுத்தால் சரியாகிவிடுகிறது. 660 சீசீ டர்போ எஞ்சினுடன் வரும் சுசுகி எவரி வான் வைத்திருப்போர் பலருக்கு இது தெரிந்த கதை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் இருந்த வாகனங்களே ஓடித் தேய்ந்தன. போருக்குப் பின் லீசிங்கில் எடுத்த வானில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிப் பிழைக்கும் குடும்பத்திடம், 'டர்போ போய்விட்டது' என்று கராஜில் சொன்னால் பல மாதத் தவணை ஒரே நாளில் போகும்.

அந்தப் பதிலை நான் உடனே நம்பமாட்டேன். டர்போ, எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையில் சுழன்று காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. காற்று கூடினால் பெற்றோலும் கூட வேண்டும். அமுங்கிய காற்றுக்குள் பாயத் தீப்பொறிக்கும் பலம் வேண்டும். டர்போ பழுதானால் பெரும்பாலும் இழுவை குறையும், நீலப் புகையோ ஊளைச் சத்தமோ வரும். குலுங்கித் திணறுகிறது என்றால் பெரும்பாலும் டர்போ காற்றைத் தள்ளுகிறது, வேறெதுவோ ஈடுகொடுக்கவில்லை.

முதலில் பிளக். பல டர்போ எஞ்சின்களில் அதன் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர்தான். தேய்ந்து அகன்றால், அமுக்கம் ஏறும்போது பொறி விழாது. பிறகு கொயில். ஸ்கானரில் 'பி0301' என்று வந்தால் முதலாம் சிலிண்டர் எரியவில்லை. அதன் கொயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓடுங்கள். கோட் 'பி0302' ஆக மாறினால் கொயில்தான் குற்றவாளி. இதற்கு ஐந்து சதமும் செலவில்லை. எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் தொடர்ந்து ஓட வேண்டாம். எரியாத பெற்றோல் புகைக்குழாயிலுள்ள கற்றலிற்றிக் கொன்வேட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும்.

அடுத்தது காற்றுக் கசிவு. டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாகப் போகும் ரப்பர் குழாய்கள் அடிப்பக்கத்தில் வெடிப்பதுண்டு. அங்கே எண்ணெய்க் கறை இருந்தால் சந்தேகப்படுங்கள். எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது சவர்க்காரத் தண்ணீர் தெளித்துப் பயனில்லை, அப்போது குழாயில் அமுக்கமே இராது. எஞ்சினை நிறுத்தி, குழாயை அடைத்து, கொம்பிரசரால் 10 முதல் 15 பீஎஸ்ஐ வரை மெதுவாகக் காற்றேற்றிய பின் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

பெற்றோல் பில்டரும் பம்பும் சோர்ந்தாலும் இதே திணறல்தான். 'பி0171' வந்தால், அதாவது காற்றுக்கு ஏற்ற பெற்றோல் போதவில்லை என்றால், அழுத்தி ஓட வேண்டாம், பிஸ்டன் உருகக்கூடும். எரிபொருள் அமுக்கத்தை வாகனம் இழுக்கும்போதே அளக்கச் சொல்லுங்கள். நின்ற நிலையில் அளந்தால் எல்லாம் சரியாகவே தெரியும். திணறாமல், சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று இழுவை அறுந்தால் அது வேறு. பூஸ்ட் அளவு மீறி எஞ்சின் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. அப்போது 'பி0234' கோடும், இறுகிய வேஸ்ட்கேட்டும் பார்க்க வேண்டியவை.

டீசல் ஹைஏஸ்களில் பொறி பிளக் இல்லாததால் பில்டரிலிருந்து தொடங்கலாம்.

இவ்வளவும் பார்த்துத் தீராவிட்டால், ஆறிய எஞ்சினில் டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளிருக்கும் தண்டை விரலால் அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் சிறிது அசைவது வழமை. முன்பின்னாக ஆடினாலோ, இறக்கை சுவரில் உரசினாலோ, டர்போ உண்மையிலேயே போய்விட்டது.