தரைக்குக் கீழே ஒரு சதுப்பு நிலம்

நாற்பது ஆண்டுப் பத்திரிகைத் தொழிலில் நான் சேர்த்த சொத்து என்று சொல்லத்தக்கவை, செய்தி நறுக்குகள் நிறைந்த பதினொரு அட்டைப் பெட்டிகள் மட்டுமே. வெள்ளவத்தை வாடகை வீட்டை விட்டு நுகேகொடையில் வாங்கிய பழைய வீட்டுக்கு வந்தபோது, அவற்றை முன்னறைத் தரையில் அடுக்கி வைத்தேன். இரண்டு மழைக்காலங்கள் கழித்துத் திறந்து பார்த்தால், அடிவரிசைப் பெட்டிகள் நான்கிலும் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. கூரையில் ஒழுக்கு இல்லை; குழாயில் உடைப்பு இல்லை. நீர் கீழிருந்து வந்திருந்தது.

வீடு திருத்த வந்த மேசன் பாஸ் (பாஸ் என்னும் இச்சொல் ஒல்லாந்தர் நமக்கு விட்டுச் சென்றது) உடனே தரையை உடைக்கவில்லை. "மாத்தயா, முதலில் நோயைப் பார்ப்போம்" என்றார். ஒரு முழச் சதுரப் பொலித்தீனைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் பசைநாடாவால் ஒட்டினார். மேற்புறம் நனைந்தால் காற்றின் ஈரம். அடிப்புறம் நனைந்தால் மண்ணின் ஈரம். இரண்டு நாட்களில் அடிப்புறத்தில் முத்து முத்தாக நீர்.

வெள்ளவத்தையில் இந்தத் தொல்லையை நான் கண்டதில்லை. அது கடலோர மணல். பருமணலில் நீர் சில அங்குலங்களுக்கு மேல் ஏறாது. களிமண்ணின் நுண்துளைகள் வழியே பல அடி ஏறும். நுகேகொடையைச் சூழ்ந்த ஊர்ப் பெயர்களே இதைச் சொல்கின்றன. சிங்களத்தில் 'நுக' என்பது ஆல். 'கொட' என்பது மேட்டு நிலம். பக்கத்துக் கங்கொடவிலவின் ஈற்றில் நிற்கும் 'வில' நீர்நிலையைக் குறிக்கும். முன்னோர் மேட்டில் குடியிருந்து, பள்ளத்தை வயலுக்கும் நீருக்கும் விட்டனர். நாமோ பள்ளத்தையும் காணித் துண்டுகளாக்கி விற்றோம். என் வீடு நிற்பது அத்தகைய ஒரு துண்டில்.

இந்தச் சதுப்புக்கு ஓர் அரசியல் வரலாறும் உண்டு. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் படைகளைத் தடுக்க அழகக்கோனார் தேர்ந்தெடுத்த இடம், இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள கோட்டே. தியவன்னா ஓயாவும் சேற்று நிலமும் அதற்கு இயற்கை அகழி. 1415ஆம் ஆண்டளவில் ஆறாம் பராக்கிரமபாகு அதைத் தலைநகராக்கினான். அங்கிருந்து சென்ற செண்பகப்பெருமாள்தான் 1450இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். அன்று யாழ்ப்பாணத்தவரைத் தடுத்த அதே நீர், இன்று இந்த யாழ்ப்பாணத்தவனின் பெட்டிகளை நனைக்கிறது என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.

எங்கள் ஊர் வீடுகளுக்கு உயர்ந்த அத்திவாரமும் திண்ணையும் இருந்தன. சாணம் மெழுகிய தரையும் சுண்ணாம்புச் சுவரும் ஈரத்தை உள்வாங்கி வெயிலில் வெளிவிட்டன. சீமெந்து அந்த மூச்சை அடக்கிவிட்டது. ஆனால் ஈரத்தை முற்றாக மறிக்கவும் அதனால் இயலாது. கொங்கிறீற்றிலும் நுண்துளைகள் உண்டு. என் வீடு அறுபதுகளில் கட்டப்பட்டது. 1950இல் உற்பத்தியைத் தொடங்கி, 1990இல் போரால் மூடப்பட்ட காங்கேசன்துறைத் தொழிற்சாலையின் சீமெந்தே அக்காலத்துக் கொழும்பு வீடுகள் பலவற்றை எழுப்பியது. சுவரடியில் தார்ப்படை இருந்தது, தரைக்கடியில் எதுவுமில்லை. பொலித்தீன் 1933இலேயே இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தாலும், இவ்வீட்டைக் கட்டியவர் அதைத் தரைக்குள் வைக்க நினைத்திருக்கவில்லை.

பாஸ் செய்த வைத்தியம் எளியது. பழைய தரையைத் துப்புரவாக்கிச் சமப்படுத்தி, கால் மில்லிமீற்றர்த் தடிப்புள்ள பொலித்தீனை விரித்தார். மூட்டுகளில் ஆறங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாக வரவிட்டு ஒட்டினார். ஓரங்களைச் சுவரில் மடித்தேற்றி, அங்கிருந்த தார்ப்படையோடு இணைத்தார். "இந்த இணைப்பு விட்டுப்போனால் எல்லாம் வீண், தண்ணீர் சுவர் வழியே ஏறிவிடும்" என்றார். அதன்மேல் இரண்டங்குலச் சீமெந்துச் சாந்து. ஒரு மில்லிமீற்றருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் ஏழு வாரம் காயவிட்டோம். கதவுகளின் அடியை அறுக்க வேண்டியதாயிற்று. தரை இப்போது உலர்ந்திருக்கிறது.

ஆனால் நீர் போய்விடவில்லை, கீழேதான் இருக்கிறது. தாழ்நிலங்களை மீட்பதற்கென 1968இல் சட்டம் வந்தது. 1982இல் சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, அதன் நடுவே பாராளுமன்றம் எழுந்தது. 1992 ஜூன் 4ஆம் திகதி ஒரே நாளில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர் மழை கொட்டியபோது, அந்தப் பாராளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்தது. எஞ்சிய ஈரநிலங்களின் அருமையை உணர்ந்த பின், 2018இல் உலகின் முதல் ராம்சர் ஈரநில நகரங்களுள் ஒன்றாகக் கொழும்பு அங்கீகாரம் பெற்றது. நிரப்பிய காணிகள் நிரப்பியவையே.

புலம்பெயர்ந்த அன்பர்கள் பலர் கொழும்பில் வாங்கிய வீடுகளைத் தொலைபேசியிலேயே திருத்துவிக்கிறார்கள். தரையோட்டின் நிறத்தைக் கேட்குமுன், அந்தக் காணி முன்பு என்னவாக இருந்தது என்று அயலிலுள்ள முதியவர் ஒருவரிடம் கேட்கச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை. நனைந்து அழிந்த நறுக்குகளுள், 1992 வெள்ளத்தைப் பற்றி நானே எழுதிய செய்தியும் ஒன்று.