துலா மிதிக்க ஆள் இருந்த காலம்

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் இப்ப மண்வெட்டியோட நிற்கிறவர்களில் கனபேர் வயது போனவர்கள். "இந்தக் காலத்துப் பெடியளுக்கு முதுகு வளையாது" என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறோம். ஆனால் வரலாறு வேற கதை சொல்லுது.

குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, கிணற்றுத் தண்ணிதான். இறைப்பு மெசின் வர முதல் ஒருவர் துலாவில் ஏறி நடப்பார், ஒருவர் பட்டையில் வரும் தண்ணியைக் கவிழ்ப்பார், இன்னொருவர் வாய்க்காலைத் திருப்பி விடுவார். ஆள்பலம் இல்லாட்டித் தோட்டம் இல்லை. மெசின் வந்த பிறகும் வெங்காயம் நடுறது, புல்லுப் பிடுங்கிறது, மிளகாய்ப்பழம் ஆயிறது எல்லாம் கைவேலைதான்.

1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ அரசு, அந்நியச் செலாவணி இல்லாமல் இறக்குமதியை இறுக்கியது. செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை ஏறியது. அதே காலத்தில் தரப்படுத்தல் வந்து, பல பேருக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடுப்பட்டது. படித்த பெடியள் தோட்டத்துக்கு வந்தார்கள். விசுவமடு, முத்தையன்கட்டு என்று வன்னியில் போய்க் காடு வெட்டினவர்களும் உண்டு. அதே வருசங்களில் பாணுக்கு வரிசையில் நின்ற சனமும் இருக்கு, அதையும் மறக்கக்கூடாது.

1977இல் ஜே.ஆர். அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. இறக்குமதி வந்தது, விலை விழுந்தது. பிறகு 1983, யுத்தம், இடப்பெயர்வு, வெளிநாடு. 1990க்குப் பிறகு வலிகாமம் வடக்கின் நல்ல செம்மண் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. இளம் ஆக்கள் போக, காணியோட மிஞ்சினது பெரியாக்கள்.

எழுபது வயதில் ஒருவர் தோட்டம் செய்தால் என்ன நடக்கும்? நாலு பரப்புச் செய்தவர் இரண்டாகக் குறைப்பார். கைவேலை கூடின பயிரை விடுவார். கூலி குடுத்தால் மிச்சம் இராது. கடன் எடுத்துப் புதுமுறை பார்க்கவும் யோசிப்பார், பிறகு ஆர் கட்டுறது? மண் அதே மண்தான், விளைச்சல்தான் குறையுது.

அப்ப பெடியளில் மட்டும் பிழை சொல்லி என்ன பிரயோசனம்? விலை நின்ற காலத்தில் அவர்கள் வந்தவர்கள். வெங்காயம் கிண்டுற நேரம் பார்த்துக் கப்பலில் வெங்காயம் வந்து இறங்கினால், அந்த நட்டம் ஆருடைய தலையில்? இதுக்குப் பதில் சொல்லாமல் "தோட்டத்துக்கு வா" என்று கூப்பிடுறது நியாயமில்லை.