கொழுப்புக்குப் பரிசு, கொழுப்புக்கு அபராதம்: ஒரு செம்மறிக்குட்டியின் கதை

இந்த எபிசோடுக்கான விதை ஜிம்ல விழுந்தது. பக்கத்து டிரெட்மில்லில் ஓடிட்டிருந்தவர், "புரோட்டீனைக் கூட்டுங்க ப்ரோ, கொழுப்பு தானா கரைஞ்சிடும்"னார். அதே வாரம் ராத்திரி எதையோ தேடப் போய் வேற ஒரு டிரெட்மில் வீடியோவில் போய் நின்னேன். அதுல ஓடினது அமெரிக்காவில் கண்காட்சிக்குத் தயாராகும் ஒரு செம்மறிக்குட்டி. அதுக்கும் அதே அறிவுரைதான்: புரோட்டீன் அதிகமான தீவனம் போடு, முதுகுக் கொழுப்பைக் குறை. இது உண்மையா, யார் முதல்ல சோதிச்சாங்கன்னு தோண்டினேன்.

தோண்டினா முதல்ல வர்ற ஆள் கொழுப்பைக் குறைக்க நினைச்சவரே இல்லை. ராபர்ட் பேக்வெல், இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் டிஷ்லி என்ற பண்ணையை நடத்தியவர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. நெருங்கிய ரத்த உறவுள்ள ஆடுகளையே திரும்பத் திரும்ப இணை சேர்த்து 'நியூ லெஸ்டர்' என்ற இனத்தை உருவாக்கினார். சின்ன எலும்பு, சீக்கிரம் கொழுக்கும் உடம்பு. உப்புநீரில் ஊறவைத்த இறைச்சித் துண்டுகளை வீட்டிலேயே வைத்திருந்து, கொழுப்பு எவ்வளவு தடிமன் பாருங்கள் என்று விருந்தாளிகளுக்குக் காட்டுவாராம். வசதியானவர்களுக்கு அந்தக் கறி பிடிக்கவில்லை. அவருடைய கணக்கு வேறு: நாள் முழுக்க உடம்பை வருத்தி உழைக்கிறவனுக்குக் குறைந்த காசில் நிறைய கலோரி. மிச்சக் கொழுப்பில் விளக்கு எரிக்க மெழுகுவத்தி.

1798இல் லண்டனில் ஸ்மித்ஃபீல்ட் கிளப் தொடங்கியது, அடுத்த வருஷமே கண்காட்சி. பரிசுக்காக மாட்டையும் ஆட்டையும் ஆளிவிதைப் புண்ணாக்கு போட்டு ஊதவைத்தார்கள். செதுக்கோவியக் கலைஞர் தாமஸ் பியூயிக்கைக் கூப்பிட்டு ஆடுகளை வரையச் சொன்னவர்கள், கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் கொழுப்புக் கட்டிகளைச் சேர்க்கச் சொன்னார்களாம். முடியாது என்று மறுத்ததை அவரே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். இன்ஸ்டா ஃபில்டர் பஞ்சாயத்து அப்பவே இருந்திருக்கு!

இப்ப புரோட்டீனுக்கு வருவோம். 1840களில் ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டஸ் லீபிக் பெரிய பெயர். தீவனத்தில் நைட்ரஜன் எவ்வளவு, அதாவது புரோட்டீன் எவ்வளவு என்பதே அதன் மதிப்பு, அதுதான் சதையாகிறது என்பது அவர் தரப்பு. கேட்டால் சரியென்றே தோன்றும். இதைச் சோதித்தவர்கள் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் பண்ணையில் இருந்த ஜான் பென்னட் லாஸும் ஜோசப் ஹென்றி கில்பர்ட்டும். இந்த கில்பர்ட் வேறு யாருமில்லை, லீபிக்கிடமே படித்து டாக்டர் பட்டம் வாங்கிய மாணவர். குருவின் கணக்கைச் சிஷ்யனே சரிபார்க்க உட்கார்ந்தார்.

சரிபார்த்த விதம்தான் எனக்குப் பிரமிப்பு. பத்து மிருகங்களை அறுத்து, கறியை மட்டுமல்ல, எலும்பு, குடல் எல்லாவற்றையும் சேர்த்து முழு உடம்பிலும் என்ன இருக்கிறது என்று அளந்தார்கள். 1859இல் முடிவுகள் வெளிவந்தன. கொழுக்க வைக்காத ஆட்டின் உடம்பில் 18.7 சதவீதம் கொழுப்பு, 14.8 சதவீதம் புரோட்டீன். மிகவும் கொழுக்க வைத்த ஆட்டில் கொழுப்பு 45.8, புரோட்டீன் 10.9. ஒல்லி ஆட்டிலேயே புரோட்டீனைவிடக் கொழுப்புதான் அதிகம்! தீவனச் சோதனைகளும் அதே பக்கம்தான் கை காட்டின. ஆடு எடை கூடியது பெரும்பாலும் புரோட்டீன் அல்லாத சத்தைப் பொறுத்தே. தேவைக்கு மேல் கொடுத்த நைட்ரஜன் சதையாகவில்லை, எருவுக்குத்தான் போனது. புண்ணாக்கு போட்டால் எரு நன்றாக இருக்கும் என்பதே விவசாயிக்கு ஒரு லாபமாக இருந்தது.

20ஆம் நூற்றாண்டில் ஆட்டம் தலைகீழானது. விளக்குக்கு மின்சாரம், சமையலுக்குத் தாவர எண்ணெய், வேலைக்கு நாற்காலி. இறைச்சியில் கொழுப்பு என்பது கசாப்புக்காரர் வெட்டித் தூக்கிப் போடும் கழிவானது. 1992இல் அமெரிக்க வேளாண்மைத் துறை, ஆட்டிறைச்சியின் விளைச்சல் தரத்தை முதுகுக் கொழுப்பின் தடிமனை வைத்தே முடிவு செய்ய ஆரம்பித்தது. 0.15 அங்குலம், அதாவது நாலு மில்லிமீட்டருக்குள் இருந்தால் முதல் தரம். கண்காட்சி நடுவர் குட்டியின் முதுகையும் விலாவையும் விரலால் அழுத்திப் பார்ப்பதும் இந்தக் கொழுப்பைத்தான். ஒரே விரல், ஒரே முதுகு. முன்னே மெத்தென்று இருந்தால் பரிசு, இப்போது கெட்டியாக இருந்தால் பரிசு.

அதனால் கடைசி வாரங்களில் சோளத்தைக் குறைத்துச் சோயாப் புண்ணாக்கு மாதிரி புரோட்டீன் தீவனத்தை ஏற்றுகிறார்கள். முதுகு மெலியவும் செய்கிறது. ஆனால் வேலை செய்வது எது? பெரும்பாலும் குறைத்த சோளம். வளரும் குட்டிக்குச் சதை போடப் புரோட்டீன் கட்டாயம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. தேவைக்கு மேல் போனது வயிற்றுக்குள் அம்மோனியாவாகி, கல்லீரலில் யூரியாவாகி, சிறுநீரில் போய்விடும். அதை வெளியேற்றவே கொஞ்சம் சக்தி செலவாகும், அவ்வளவுதான். சோளத்தைக் குறைக்காமல் மேலே புரோட்டீனை மட்டும் கொட்டினால் குட்டி இன்னும் கொழுக்கும். ரொம்பப் பட்டினி போட்டால் கொழுப்போடு சதையும் இறங்கி, நடுவர் விரலுக்குத் தட்டையாகத்தான் தெரியும். டெஸ்ட் கேஸ் பாஸாக மட்டும் கோட் எழுதுகிற எங்கள் ஆட்களுக்கு இந்த அவஸ்தை நன்றாகப் புரியும்.

தீவனத்தால் ஆகாததை ஊசியும் மருந்தும் செய்யும் என்று சிலர் போனதுதான் இதில் எனக்கு உறுத்துகிற இடம். கிளென்பியூட்டரால் சுவாசக் கோளாறுக்கான மருந்து. அது கொழுப்பைக் குறைத்துச் சதையைக் கூட்டும். 1990இல் ஸ்பெயினில் அந்த மருந்து ஏறிய மாட்டு ஈரலைச் சாப்பிட்ட 135 பேர் நெஞ்சு படபடப்பும் நடுக்கமுமாக அவதிப்பட்டார்கள். அமெரிக்காவில் உணவுக்கான விலங்குகளுக்கு அதைக் கொடுப்பது சட்டவிரோதம். அப்படியிருந்தும் 1990களில் அங்கே பரிசு வாங்கிய விலங்குகளிடம் அது கண்டுபிடிக்கப்பட்டு, பட்டங்கள் பறிக்கப்பட்டன. அந்த மேடைகளில் கயிறு பிடித்து நிற்பவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். குட்டிகளில் பலவும் கண்காட்சி முடிந்ததும் நேராகக் கறிக்குத்தான் போகும். சாப்பிடப் போகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

பேக்வெல்லின் ஆடுகள் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. லெஸ்டர் லாங்வுல் இன்று அரிய இனம். ஸ்பெயினில் அந்த ஈரல் விவகாரம் நடந்த அதே 1990இல், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கும் கலோனியல் வில்லியம்ஸ்பர்க் என்ற அருங்காட்சியக ஊர், அந்த ஆடுகளைத் தாஸ்மேனியாவிலிருந்து தேடிக் கொண்டுவந்தது. டிரெட்மில் இல்லை, புரோட்டீன் கணக்கும் இல்லை. பழைய காலத்துப் புல்வெளி எப்படி இருந்தது என்று காட்ட, அங்கே அவை சும்மா நின்று மேய்கின்றன.